மிலிட்டரி டிஸ்போசல் ரைஃபிளுக்கு ஏன் இந்த மவுசு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டெக்சாஸில் இருக்கும் சித்தி மகன் வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். பழைய ரைஃபிள். நீளத்துக்கும் மரம் போர்த்திய உடம்பு, முனை மட்டும் யாரோ அரிவாளால் சீவிவிட்ட மாதிரி மொட்டையாக. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, இது இந்தியாவில செஞ்சதாம், கடைக்காரன் ஐந்நூறு டாலர் சொல்றான், நியாயமான விலையா, சுட்டா கையில வெடிச்சுடாதே, வாங்கலாமா?" ஒரே மூச்சில் மூன்று கேள்வி.

துப்பாக்கியோடு எனக்கு இருக்கும் நேரடிப் பழக்கம், கல்லூரி என்.சி.சி. கேம்ப்பில் .22 ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டதோடு சரி. ஆனால் பதினைந்து வருடமாக ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன். அதற்கு ஸ்பேர் தேடிப் புதுப்பேட்டைச் சந்துகளில் அலைந்த அலைச்சலில், என்ஃபீல்டு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று நோண்டப்போய் இந்தப் பக்கம் வந்து விழுந்தவன் நான். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உதிரிபாகம் செய்துகொடுக்க 1890-களில் ரெடிட்ச் ஊர் சைக்கிள் கம்பெனி ஒன்றுக்கு ஆர்டர் கிடைத்தது, அந்தப் பெருமையில் அவர்கள் தங்கள் வண்டிக்கு வைத்த பெயர்தான் ராயல் என்ஃபீல்டு. 'துப்பாக்கி மாதிரி செய்தது' என்பதுதான் அவர்கள் விளம்பர வாசகம், சின்னம் பீரங்கி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆனது, திருவொற்றியூரில் வண்டி செய்ய ஆரம்பித்தார்கள். ஆகவே சென்னைக்காரனுக்கு இந்த விஷயம் அவ்வளவு தூரத்து விஷயம் ஒன்றும் இல்லை.

தம்பிக்கு மூன்று ராத்திரி போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அ, ஆ தெரியாதவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சர்ப்ளஸ் என்ற வார்த்தை. நம்ம ஊரில் இதை மிலிட்டரி டிஸ்போசல் என்பார்கள். கம்பளி, பூட்ஸ், தண்ணீர் பாட்டில், ஏலத்தில் எடுத்த ஆர்மி புல்லட் எல்லாம் இப்படி வந்தவைதான். ராணுவம் புது மாடலுக்கு மாறினால் பழையது கிடங்குக்குப் போகும், பத்து இருபது வருடம் அங்கே தூங்கும், கடைசியில் விற்பார்கள் அல்லது உருக்குவார்கள். துப்பாக்கிக்கும் இதே கதைதான். என்ன, இந்தியாவில் அது பொதுமக்கள் கைக்கு வராது. அமெரிக்கா போன்ற சில நாடுகளில் வரும்.

எவ்வளவு வரும் என்பதைப் புரிந்துகொண்டால்தான் விலை புரியும். ரஷ்யாவின் மொசின் நாகன்ட் 1891-ல் அறிமுகமாகிச் சுமார் 3 கோடியே 70 லட்சம் செய்யப்பட்டது. நம்ம போலீஸ் தோளில் பார்த்துப் பழகிய லீ என்ஃபீல்டு, எல்லா வகையும் சேர்த்துச் சுமார் 1 கோடியே 70 லட்சம். ஜெர்மன் மவுசர் கார் 98கே 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவின் எம்1 கேரண்ட் சுமார் 54 லட்சம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இதில் பெரும்பகுதி உலகம் முழுக்கக் கிடங்குகளில் மலைபோல் குவிந்துவிட்டது, எந்த நாட்டுக்கும் வேண்டாத சரக்கு. 1950, 60-களில் அமெரிக்காவில் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டுக்கே வந்துவிடும். 1963-ல் கென்னடியைச் சுட்ட இத்தாலியக் கார்கானோ ரைஃபிளும் அப்படித் தபாலில் வந்ததுதான், தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலர், அனுப்பும் செலவு தனி. 1968-ல் சட்டம் போட்டுத் தபால் விற்பனையை நிறுத்தினார்கள், டிஸ்போசல் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. 1980-களின் நடுவில் பழம்பொருள் என்ற கணக்கில் மறுபடி வாசல் திறந்தது. அங்கே ஐம்பது வருடம் தாண்டிய துப்பாக்கி பழம்பொருள் கணக்கில் வரும். 1898 அல்லது அதற்கு முன் செய்தது என்றால் மத்திய அரசின் சட்டத்தில் அது துப்பாக்கி என்ற கணக்கிலேயே வராது.

சோவியத் உடைந்த பிறகு மொசின் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. சுமார் 2010 வரைக்கும்கூட நூறு டாலருக்குள் ஒன்று வாங்கலாம். அன்றைக்கு எல்லோரும் அதைக் குப்பை என்று சிரித்தார்கள், தோட்டத்துக் கடப்பாரை என்று கிண்டல் செய்தார்கள். இன்று அதே குப்பை பல நூறு டாலர். துப்பாக்கி மாறவில்லை, வரத்து நின்றுவிட்டது, அவ்வளவுதான். தக்காளிக்கும் இதே பொருளாதாரம்தான், ஆனால் தக்காளி அடுத்த மாதம் மறுபடி காய்க்கும்.

சரி, வரத்து ஒரு பக்கம். ஒரே மாடல், ஒரே வருடம், ஒன்று நானூறு டாலர், பக்கத்திலேயே இன்னொன்று இரண்டாயிரம், எப்படி? புல்லட் வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். 1960-களின் வண்டி ஒன்றைப் பார்க்கப் போனால் தெரிந்தவன் முதலில் எதைப் பார்க்கிறான்? பெயின்டையா? குனிந்து எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பான். நம்பர் சேர்ந்திருந்தால் துரு ஏறிய வண்டிக்கும் விலை உண்டு, சேராவிட்டால் பளபளவென்று நின்றாலும் அது நாலு வண்டியைப் பிரித்துக் கட்டிய வண்டி.

ரைஃபிளிலும் அச்சாக இதேதான். லீ என்ஃபீல்டு என்றால் ரிசீவர், பேரல், போல்ட் கைப்பிடியின் பின்பக்கம், மூக்கு மூடி, பின் சைட், சில சமயம் மரத்தின் அடிப்பக்கம் என்று ஒரே நம்பரைப் பல இடத்தில் குத்தியிருப்பார்கள். (ரிசீவர் என்பது நடுவில் இருக்கும் இரும்பு உடம்பு, குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளைதான் போல்ட், சைட் என்பது குறி பார்க்கும் தகடு.) எல்லா இடத்திலும் ஒரே நம்பர் இருந்தால், தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியபோது எப்படி இருந்ததோ அப்படியே வந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய துப்பாக்கி சேகரிக்கும் கலெக்டர் காசு கொடுப்பது இதற்குத்தான். நன்றாகச் சுடும் துப்பாக்கி வேண்டும் என்றால் அவர் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவிட்டுப் போயிருப்பார்.

இதற்கு நல்ல உதாரணம் ரஷ்யர்கள் பிடித்த ஜெர்மன் மவுசர்கள். போரில் கைப்பற்றிய ரைஃபிள்களைச் சோவியத் பட்டறைகளில் மொத்தமாகப் பிரித்தார்கள், கழுவினார்கள், கைக்கு வந்த பாகத்தைக் கைக்கு வந்த ரைஃபிளில் மாட்டினார்கள், மரத்துக்கு அரக்கு பூசினார்கள், புது நம்பரை மின்சாரப் பேனாவால் கிறுக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அடுத்த போருக்கு வேலை செய்யும் சாமான் வேண்டும், மியூசியமா நடத்துகிறார்கள்? அந்தத் துப்பாக்கிகள் நன்றாகவே சுடும். ஆனால் ஒரு ஜெர்மன் சிப்பாயிடமிருந்து அமெரிக்கச் சிப்பாய் பிடுங்கி, மேலதிகாரி கையெழுத்துப் போட்ட சீட்டோடு ஊருக்கு எடுத்துப்போன, நம்பர் எல்லாம் சேர்ந்த அதே மாடல் இதைப்போலப் பல மடங்கு விலை போகும்.

அப்படியானால் நம்பர் சேர்வது வெறும் கலெக்டர் மோகம்தானா? இல்லை, இந்த ஓர் இடத்தில் மட்டும் விலையும் நம்பகமும் கை கோர்த்துக்கொள்கின்றன. குக்கர் மூடியை நினைத்துப் பாருங்கள். ஐந்து லிட்டர் குக்கருக்கு அதே அளவு வேறொரு குக்கரின் மூடியைப் போட்டால் பூட்டுகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் பிரஷர் ஏறும்போது ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி போகும். துப்பாக்கியில் போல்ட்தான் மூடி. தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளிக்கு ஒரு கணக்கு உண்டு, ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான். அது கூடிப்போனால் சுடும்போது பித்தளைக் கூடு பின்பக்கம் இழுபட்டுக் கிழியும், சுடும் வாயு சுடுகிறவன் முகத்தை நோக்கி வரும். தொழிற்சாலையில் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அதன் போல்ட்டைப் பொருத்திப் பார்த்து நம்பர் குத்தினார்கள். லீ என்ஃபீல்டின் நம்பர் 4 மாடலில் போல்ட்டின் தலையை மட்டும் கழற்றி வேறு அளவு போடலாம், 0 முதல் 3 வரை அளவுகள் வைத்திருந்தார்கள். ஆகவே போல்ட் நம்பர் வேறாக இருந்தால் ஆபத்து என்று உடனே அர்த்தமில்லை, ஆனால் கேஜ் வைத்துப் பார்க்காமல் சுடக்கூடாது. கோ கேஜ், நோ-கோ கேஜ் என்று இரண்டு எஃகுத் துண்டுகள். முதலாவதைப் போட்டால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதைப் போட்டால் மூடக்கூடாது. மெக்கானிக்கிடம் ஃபீலர் கேஜ் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

இந்த இடத்தைத் தாண்டினால் விலை ஒரு பக்கம், நம்பகம் ஒரு பக்கம் என்று பிரிந்து போய்விடும். இதுதான் புதிதாக வருபவர்களைக் குழப்புவது. 'ராணுவம் உபயோகித்தது, அப்போ நல்லதாத்தான் இருக்கும்' என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கனடாவின் ராஸ் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். குறி தவறாத துப்பாக்கி, போட்டிகளில் பேர் வாங்கியது, போல்ட்டைத் திருகவே வேண்டாம், நேராக இழுத்துத் தள்ளினால் போதும். 1915-ல் பெல்ஜியத்தில் ஈப்ரே போர்முனைச் சேற்றுக்கு அதைக் கொண்டுபோனார்கள். இம்மி பிசகாத இறுக்கத்தில் செய்த சாமான், கொஞ்சம் மண் போனதும், கொஞ்சம் சூடேறியதும் இறுகிக்கொண்டது. பூட்ஸ் காலால் போல்ட்டை உதைத்துத் திறக்க வேண்டிய நிலைமை. கனடியச் சிப்பாய்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செத்த பிரிட்டிஷ்காரர்களின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1916-ல் முன்னணிப் படையிடமிருந்து ராஸ் திரும்பப் பெறப்பட்டது, ஒளிந்திருந்து சுடும் ஸ்னைப்பர்கள் மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு வேண்டியது குறிதானே. லீ என்ஃபீல்டு கொஞ்சம் லொடலொட கேஸ், சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, தாராளமாக இருக்கும், அந்தத் தாராளம்தான் சேற்றில் அதைக் காப்பாற்றியது. இன்றைக்கு ராஸைத் தேடிப் பிடித்து வாங்குவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. சிப்பாய் வீசியெறிந்த அதே காரணம்தான் இவர்களுக்குச் சுவாரஸ்யம்.

இன்னொன்று அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு. எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. அந்தக் காலத்தில் ரிசீவரை உலையில் காய்ச்சும்போது சரியான சூடு வந்துவிட்டதா என்பதை அனுபவசாலிகள் இரும்பின் நிறத்தை வைத்துக் கண்ணாலேயே முடிவு செய்தார்கள். நம்ம ஊர் கொல்லனும் அப்படித்தான். வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் இரும்பின் சிவப்பு மங்கலாகத் தெரியும், இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விடுவார்கள். மேகமூட்டமான நாளில் சீக்கிரமே சிவப்பாகத் தெரியும். பின்னால் கருவி வைத்து அளந்து பார்த்தபோது இரண்டுக்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம் இருந்தது. அதிகமாகக் காய்ந்த ரிசீவர் கண்ணாடி மாதிரி நொறுங்கும். சில ரைஃபிள்கள் வெடித்த பிறகு 1918-ல் முறையை மாற்றினார்கள். அதனால் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையின் 8,00,000-க்குக் கீழே உள்ள நம்பர், ராக் ஐலண்டின் 2,85,507-க்குக் கீழே உள்ள நம்பர் என்றால் சுடாதே என்பது அங்கே பால பாடம். எது வெயில் நாளில் செய்தது, எது மேக நாளில் செய்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. சுவரில் மாட்டி வைக்கலாம், விலையும் உண்டு, சுடத்தான் கூடாது.

ஜப்பானின் அரிசாகாவில் வேறு மாதிரி. ரிசீவர் தலையில் பதினாறு இதழ்ச் செவ்வந்திப் பூ பொறித்திருக்கும், இது சக்கரவர்த்தியின் சொத்து என்று அடையாளம். 1945-ல் சரணடைந்தபோது அந்தப் பூவை அரம் வைத்தும் சாணைக்கல் வைத்தும் அழித்துவிட்டுத்தான் ஒப்படைத்தார்கள். அழியாத பூவோடு இருக்கும் ரைஃபிளுக்கு விலை அதிகம். அந்தப் பூவால் குண்டு ஓர் அங்குலம்கூட அதிக தூரம் போகப்போவதில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு: பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்கென்று வெறும் சத்தத் தோட்டாவுக்காகச் செய்த மட்ட இரும்பு அரிசாகாக்கள் பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும், அதில் நிஜத் தோட்டா போட்டால் கதை முடிந்தது.

இனி நிலைமை, அதாவது கண்டிஷன். பேரலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். உள்ளே திருகுத் திருகாக ஓடும் வரிகள் கூர்மையாக, கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். அம்மைத் தழும்பு மாதிரிக் குழி இருந்தால் அது துரு தின்ற இடம். இந்தத் துரு எப்படி வருகிறது என்பதை நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்வது சுலபம். பழைய மிலிட்டரித் தோட்டாவின் பிரைமரில், ஊசி தட்டியதும் பற்றும் அந்தச் சின்ன மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகப் பேரலுக்குள் படியும். அது உப்பு. பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த வீட்டு ஜன்னல் கிரில் என்ன ஆகிறதோ அதுதான் பேரலுக்கும் ஆகும், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அரிக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் சுட்டு முடித்ததும் வெந்நீரை ஊற்றிக் கழுவித் துடைத்து அப்புறம்தான் எண்ணெய் போட வேண்டும். இது தெரியாமல் எண்ணெய் மட்டும் தடவி மூலையில் வைத்துக் கெட்டுப்போன பேரல்கள் ஏராளம்.

இன்னொரு தேய்மானம் முனையில் வரும். அதற்குக் காரணம் பெரும்பாலும் குண்டு அல்ல, சுத்தம் செய்யும் இரும்புக் கம்பி. நாற்பது வருடம் சிப்பாய்கள் முன்பக்கமாகக் கம்பியை விட்டு இழுத்து இழுத்து வாயை அகலப்படுத்திவிடுவார்கள். சும்மா ஒரு தோட்டாவின் குண்டு முனையைத் துப்பாக்கியின் வாயில் வைத்துப் பார்ப்பார்கள், கழுத்துவரை உள்ளே போய்விட்டால் தேய்ந்த பேரல். சோவியத் பட்டறைகளில் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள், தேய்ந்த முனையை மட்டும் உள்ளே கொஞ்ச தூரம் கடைந்து அகலமாக்கிவிட்டால் குண்டு நல்ல வரிகளிலிருந்தே வெளியேறும், குறி திரும்பிவிடும். சுடுகிறவனுக்கு அது நல்ல செய்தி, கலெக்டர் முகம் சுளிப்பார்.

அதே பட்டறையில் காஸ்மோலின் என்ற பழுப்பு நிறக் கிரீஸில் முக்கி எடுத்துப் பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். பெட்டியைத் திறந்தால் பெட்ரோலியம் வாடை, மரத்தின் ஒவ்வொரு துளையிலும் ஏறியிருக்கும். அமெரிக்கர்கள் அதைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் போட்டு உருக வைத்துத் துடைத்து எடுக்கிறார்கள். சென்னைக் கத்திரி வெயிலில் என்றால் பையே வேண்டாம், மொட்டை மாடியில் ஒரு மதியம் போதும். ஐம்பது வருடத் தூக்கத்தில் துரு அண்டாமல் இரும்பைக் காப்பாற்றியது இந்தப் பிசுபிசுப்புதான் என்பதால் திட்டவும் மனம் வராது.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, வாங்கியதும் பளபளப்பாக்குவது. உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, இரும்புக்குப் புது நீலப்பூச்சு ஏற்றி வைப்பார்கள். மரத்தில் குத்திய ஆய்வாளர் முத்திரை, படைப்பிரிவு எண் எல்லாம் உப்புத்தாளோடு போய்விடும், பாதி விலையும் போய்விடும். இதற்கு மேலே ஒரு படி, 50-60-களில் மான் வேட்டைக்கு என்று முன்பக்க மரத்தை அறுத்து, பேரலை வெட்டி, தொலைநோக்கிக்குத் துளை போட்டது. அன்று பத்து இருபது டாலர் சாமான், யார் கவலைப்பட்டார்கள். புல்லட்டின் மட்காடை வெட்டி எறிந்து அகல டயர் போட்டுவிட்டு, இருபது வருடம் கழித்து ஒரிஜினல் மட்காடுக்காகப் புதுப்பேட்டையில் கடைகடையாய் ஏறி இறங்குகிறவனைக் கேளுங்கள், அந்த வலி தெரியும். (நான்தான்.)

இதற்கு நேர் எதிர் சுவிட்சர்லாந்தின் கே31. அங்கே சிப்பாய் ரைஃபிளை வீட்டிலேயே வைத்துக்கொள்வார். பனியிலும் பூட்ஸிலும் இடிபட்டு அடிக்கட்டை பார்க்கக் கன்றாவியாக இருக்கும், பேரலோ இப்போதுதான் கடைந்த மாதிரி மின்னும். 2000-களின் ஆரம்பத்தில் நூறு டாலர் அளவில் கிடைத்தது. அடிக்கட்டைத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால், அதிர்ஷ்டம் இருந்தால், உள்ளே மடித்து வைத்த ஒரு சின்னச் சீட்டு. அதில் அந்தச் சிப்பாயின் பெயர், ஊர், படைப்பிரிவு. நன்றாகச் சுடும், அடையாளம் மாறாமல் இருக்கும், எல்லாம் சேர்ந்த அபூர்வ ஜாதி இது.

கதை இருக்கும் இடத்தில் கதை கட்டுகிறவர்களும் இருப்பார்கள். பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே துப்பாக்கி செய்கிறார்கள். பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டை முத்திரையோடு அப்படியே காப்பியடிப்பார்கள், ஆங்கிலம் தெரியாததால் எழுத்துகள் திரும்பி நிற்கும், எழுத்துப் பிழை இருக்கும். கிரீடத்துக்குக் கீழே விக்டோரியா ராணியின் முதலெழுத்துகளைப் போட்டுவிட்டு வருடத்தை 1919 என்று குத்தியிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம், அந்த அம்மா 1901-லேயே போய்ச் சேர்ந்தாயிற்று. அந்த இரும்பு எங்கே கிடைத்த இரும்போ யாருக்குத் தெரியும், சுடுவது தற்கொலை. வேடிக்கை என்னவென்றால் அந்தப் போலிக்கும் இப்போது ஒரு சந்தை இருக்கிறது, போலி என்று தெரிந்தே வாங்குகிறார்கள். மற்றபடி கடைக்காரன் 'இது நார்மண்டியில் இறங்கின துப்பாக்கி' என்று போர்க்கதை ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு நம்பரைப் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது தம்பியின் துப்பாக்கிக்கு வருகிறேன். அவனை இரும்புப் பட்டையைக் கிட்டத்தில் போட்டோ எடுக்கச் சொன்னேன். அசோகச் சிங்கம், ஆர்.எஃப்.ஐ., ரைஃபிள் 7.62 எம்.எம். 2ஏ1, 1967. மேற்கு வங்காளம் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் சரக்கு. 1962 சீனப் போருக்குப் பிறகு ரைஃபிள் தட்டுப்பாடு, புதுத் தோட்டா 7.62-க்கு மாற வேண்டிய அவசரம், கையில் இருந்ததோ அறுபது வருடப் பழைய .303 லீ என்ஃபீல்டு வடிவம். அதையே எடுத்து நல்ல எஃகில் 7.62-க்காகப் புதிதாகச் செய்தார்கள். பழைய .303-ஐக் குடைந்து மாற்றியது என்று பலர் நம்புகிறார்கள், தப்பு. அடையாளம் சுலபம்: தோட்டாப் பெட்டி .303-ல் சாய்வாக இருக்கும், இதில் சதுரமாக இருக்கும். முதலில் வந்த 2ஏ-யில் பின் சைட் பழைய 2,000 அளவிலேயே இருந்தது, யார் அவ்வளவு தூரம் சுடப்போகிறார்கள் என்று 2ஏ1-ல் 800 மீட்டருக்குக் குறைத்தார்கள். தோட்டாப் பெட்டிக்கு முன்னால் மரத்தின் குறுக்கே ஒரு ஸ்க்ரூ ஓடும், நம்ம ஊர் வெயிலிலும் மழையிலும் மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூர் போட்ட கட்டு அது.

நம்பகம்? கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களின் காலம் முடிந்த பிறகு செய்த, போருக்கு அதிகம் போகாத ரைஃபிள், அடிப்படையில் திடமான சாமான். கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, ராணுவ அளவுத் தோட்டாவை மட்டும் போட வேண்டும்; அதே உருவத்தில் வரும் .308 வேட்டைத் தோட்டாக்களில் சிலவற்றில் அழுத்தம் இதைவிட அதிகம், அந்த வம்பு வேண்டாம். விலை? அதிலிருந்த போல்ட் நம்பர் வேறு, ரிசீவர் நம்பர் வேறு. ஐந்நூறு அதிகம் என்று சொன்னேன். நானூற்று இருபதுக்குப் பேசி முடித்தான், மறுநாளே துப்பாக்கி ரிப்பேர் செய்யும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோய்க் கேஜ் போட்டான், நோ-கோவில் மூடவில்லை, பிழைத்தான்.

நம்மால் இங்கே வாங்க முடியுமா என்று கேட்கப்போகிறீர்கள். முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி .303, 7.62 எல்லாம் தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் வராது. இந்தப் பயம் வெள்ளைக்காரன் காலத்தது, கலகக்காரர்கள் கையில் ராணுவத் தோட்டா சிக்கக்கூடாது என்று 1907-லேயே .450 ரகத்தை இந்தியாவில் தடை செய்தான். அதனால்தான் இஷாப்பூர் அதே லீ என்ஃபீல்டு வடிவத்தில் .315 என்ற தனி ரகம் செய்து பொதுமக்களுக்கு விற்றது. சென்னையில் லைசென்ஸ் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். தாத்தா பெட்டியில் ஏதாவது அகப்பட்டால் இதையெல்லாம் படித்துவிட்டு விலை விசாரிக்கக் கிளம்பாதீர்கள், நேரே ஸ்டேஷனில் போய்ச் சொல்லுங்கள். பார்க்க ஆசை என்றால் எழும்பூர் மியூசியமும் கோட்டை மியூசியமும் இருக்கின்றன, பழைய ஆயுதங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஆயுதப்படையில் இருந்து ரிட்டயர்டான எஸ்.எஸ்.ஐ. ஒருவர் இருக்கிறார். தம்பி அனுப்பிய போட்டோவை ஒருநாள் சாயங்காலம் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, முனையிலிருந்து அடிவரைக்கும் மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"எவ்வளவுக்கு சார் வாங்குனார் தம்பி?"

சொன்னேன். ரூபாயில் எவ்வளவு என்று கேட்டார், அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ட்ரெயினிங்ல ஃபயரிங் முடிஞ்சதும் கெட்டில்ல வெந்நீர் வச்சு ஊத்தச் சொல்வாங்க சார், கை பொத்துப் போவும். பேரலுக்குள்ள புல்த்ரூ கயித்த விட்டு இழுத்தா அதுல கட்டுன துணி வெள்ளையா வரணும். கறுப்பா வந்துச்சுன்னா கிரவுண்ட ரெண்டு ரவுண்டு, அதையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு." போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் மறுபடியும் ஒருமுறை பார்த்தார். "தோள்ல மாட்டுற வார் இல்லையே இதுல. வார எங்க கழட்டிட்டானுங்க?"